தலைக்காயமும் குடும்பப் பராமரிப்பும்

தலைக்காயத்திலிருந்து உயிர் பிழைத்து, பழைய நிலைக்குத் திரும்ப இயலாதவர்களைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் குடும்பத்தினரே, குறிப்பாக மனைவியோ தாயோ, வீட்டில் வைத்துப் பராமரிக்கின்றனர். சாலை விபத்தும் பணியிட விபத்தும் இக்காயத்துக்கு முக்கியக் காரணங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகமும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் அருகருகே இருப்பதால், தொழிலாளர் குடும்பங்களுக்கு இவ்விரு ஆபத்துகளும் உண்டு.

மருத்துவ வளர்ச்சி

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. ராமமூர்த்தி இப்பிரிவைத் தொடங்கினார். 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானது. உயிரைக் காப்பதோடு சிகிச்சை முடிவதில்லை என்பதை அம்மையம் உணர்த்தியது.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடையும் எவருக்கும், வெளிமாநிலத்தவர் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இதில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. வட மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் கும்மிடிப்பூண்டிக்கு இது முக்கியமானது.

வீட்டில் எழும் சிக்கல்கள்

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பின் வருவது நீண்ட காலம். மறதி, திடீர்க் கோபம், சோர்வு, குணமாற்றம் ஆகியவை வெளியே தெரிவதில்லை. 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்' என்று அக்கம்பக்கத்தார் சொல்வது குடும்பத்தின் சுமையை மேலும் கூட்டுகிறது. சம்பாதித்தவரின் வருமானம் நிற்கிறது. பார்த்துக்கொள்பவரும் வேலையை விட நேர்கிறது.

காப்பீடு பெற்ற தொழிலாளருக்குத் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் துணையாகிறது. தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், பணிக்காயமாகக் கொள்ளப்படும் என 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. காப்பீட்டில் பதிவு செய்யப்படாதவருக்கு இவை எட்டுவதில்லை.

சட்டத்தின் இடைவெளி

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தலைக்காயம் அவற்றில் தனி வகையாக இல்லை. காயத்தால் விளைந்த குறைபாட்டைக் கொண்டே சான்றிதழ் பெற வேண்டும். காப்பாளரை நியமிக்க வழிசெய்யும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் நினைவிழந்த நிலை குறிப்பிடப்படவில்லை.

இதனால் கணவர் நினைவிழந்து கிடந்தால், அவர் பெயரிலுள்ள சொத்தை விற்றுச் சிகிச்சை செய்ய மனைவியால் இயலாது. 2024இல் இத்தகைய ஒரு மனைவியை உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கூறினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே காப்பாளராக நியமித்தது. சொத்தை விற்க அனுமதித்து, அத்தொகையில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாக வைக்க உத்தரவிட்டது. நினைவிழந்தவரைப் பராமரிப்பது எளிதன்று என்பதையும் அமர்வு கருத்தில் கொண்டது.

இன்றைய நிலை

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. 2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும் இவை பெரும்பாலும் காயமடைந்தவருக்கான உதவிகளே. இரவும் பகலும் அருகிலிருப்பவருக்குச் சில நாள் ஓய்வு தரும் ஏற்பாடு இன்னும் பரவலாக இல்லை.