கேனிமீடில் ஒரு தோட்டம்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, சிரம்பானில் ஒரு பழைய புத்தகக் கடையில் மூன்று வெள்ளிக்கு ராபர்ட் ஹைன்லைனின் 'ஃபார்மர் இன் தி ஸ்கை' கிடைத்தது. 1950-ல் வந்த நாவல். பூமியில் சாப்பாட்டுக்கு ரேஷன். வியாழனின் நிலவான கேனிமீடுக்குப் போனால் சொந்த நிலம் என்று ஆள் சேர்க்கிறார்கள். பில் என்ற பையன் குடும்பத்தோடு கப்பலேறுகிறான். போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, இவ்வளவு பேருக்கு அங்கே இன்னும் எதுவுமே தயாராகவில்லை.

லீவில் வீட்டுக்கு வந்தபோது பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். "எங்கப்பாவையும் இப்படித்தான்யா ஏத்திட்டு வந்தாங்க. கங்காணி சொன்னது ஒண்ணு, வந்து பாத்தா காடு" என்றார்.

அதற்குப் பிறகு ஹைன்லைனை என்னால் வெறும் சாகசக் கதையாகப் படிக்க முடியவில்லை. 1947 முதல் 1958 வரை ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்துக்காக ஆண்டுக்கு ஒன்றாக 12 இளையோர் நாவல்கள் எழுதினார். 1949-ல் வந்த 'ரெட் பிளானட்' செவ்வாயில் நடக்கிறது. குளிர்காலத்தில் குடியேறிகள் இடம் மாறியாக வேண்டும். செலவு மிச்சம் என்று கம்பெனி அதை நிறுத்தப் பார்க்கிறது. விஷயம் இரண்டு பையன்களுக்குத் தெரிந்துவிட, ஊரே கிளர்ந்தெழுகிறது. முடிவெடுப்பவர்கள் பூமியில், குளிரில் சாகப் போகிறவர்கள் செவ்வாயில்.

நம் கதையும் இந்த அமைப்புதான். 1907-ல் குடியேற்ற நிதி ஒன்றை உருவாக்கி, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றினார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் அதற்கு முகாம்கள் இருந்தன. கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடிப்பார். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களை அதே கடல் வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். 1938-ல் இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்புக்குத் தடை போட்டது.

ஆனால் இரண்டு இடங்களில் ஒப்பீடு உடைகிறது. ஒன்று, கேனிமீடில் யாருமே இல்லை. நெகிரி செம்பிலான் காடு அப்படிக் காலியாகக் கிடக்கவில்லை. தெமுவான் பூர்வகுடிகள் அங்கே வாழ்ந்தார்கள். மலாய்க் கம்பங்களும் அவர்களுடைய அடாட் பெர்பாத்தேயும் இருந்தன. காலிக் கிரகம் என்பது எழுத்தாளருக்கு வசதியான கற்பனை. அதை நாமும் 'காட்டை நாடாக்கினோம்' என்று சொல்லும்போது கடன் வாங்கிக்கொள்கிறோம்.

இன்னொன்று நிலம். பில் பாறையை நொறுக்கி, பூமியிலிருந்து வந்த உயிர் மண்ணைக் கலந்து, தன் வயலைத் தானே உண்டாக்குகிறான். அது அவனுக்கே சொந்தம். நம்மவர்களும் மண்ணைப் பண்படுத்தினார்கள், ஆனால் குடியிருந்த லயம்கூட வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது இது உயிர்ப் பிரச்சினையானது. 1960-ல் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1961-ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். 'ரெட் பிளானட்' முடிவுக்கு நம் வரலாற்றில் மிக அருகில் வருவது இதுதான். துப்பாக்கி இல்லை, ரசீதுப் புத்தகம் இருந்தது.

எல்லாத் தோட்டத்துக்கும் அது எட்டவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று 1968-ல் சட்டம் வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பாட்டியின் அண்ணன் அடுத்த ஆண்டே கப்பலேறினார். பில்லுக்கும் பூமிக்குத் திரும்ப வாய்ப்பு வருகிறது. அவன் யோசித்துப் பார்த்து, இங்கேயே இருக்கிறேன் என்று தானே முடிவெடுக்கிறான். பெரிய தாத்தாவை யாரும் கேட்கவில்லை.

பாட்டி வேலை செய்த தோட்டம் இப்போது செம்பனை. நான் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அன்றைக்குக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுப் பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியில அந்தப் பையனுக்கு நெலத்தக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க பாட்டி."

"அப்ப அது கதைதான்யா."