அண்ணமும் சுவையறிவும்

சுவையுணர்வை நாவிற்கே உரியதாக்கியது நம் தமிழ் வழக்கு. "நாவுக்கு ருசியாக" என்றே இன்றும் நம் இல்லங்களில் பேசுகிறோம். இலத்தீன் மொழியாளரோ அப்பெருமையை மேல்வாயாகிய அண்ணத்திற்கும் அளித்தனர். அவர்தம் மொழியில் அண்ணத்தைக் குறித்த 'பலாட்டும்' என்னும் சொல்லே சுவையறியும் திறனையும் குறித்தது. அவ்விரு பொருளோடும் அச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது. இவற்றுள் எது பொருத்தம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1901-இல் ஹெனிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், நாவின் விளிம்பில் எவ்விடத்தே எச்சுவை சற்று மிகுந்து தோன்றுகிறது என அளந்தார். அவர் கண்ட வேறுபாடு மிகச் சிறிது. 1942-இல் போரிங் என்பார் அதனை எடுத்துக் காட்டிய முறையால் அது பெரிதாகத் தோன்றிற்று. நுனியில் இனிப்பு, அடியில் கைப்பு என்னும் படம் பள்ளி நூல்களில் ஏறிற்று. நம்முட் பலரும் அதனைப் படித்தே தேர்வெழுதினோம். அஃது உண்மையன்று. சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் உணரப்படும். அம்மொட்டுகள் அண்ணத்தின் மென்மையான பின்பகுதியிலும் தொண்டையிலும் உள்ளன. ஆகவே இலத்தீன் வழக்கும் முற்றிலும் பிழையன்று.

நாம் கூறும் அறுசுவையுள் கார்ப்பையும் துவர்ப்பையும் இன்றைய அறிவியலார் அடிப்படைச் சுவைகளாகக் கொள்வதில்லை. மிளகின் கார்ப்பு வெம்மையை உணரும் நரம்புகளைத் தூண்டுவது. துவர்ப்பு உமிழ்நீரின் வழவழப்பைக் குறைத்து, நாவையும் அண்ணத்தையும் வறளச் செய்வது. வாய் முழுவதும் பெறும் உணர்வையே நம் முன்னோர் சுவையெனக் கொண்டனர் போலும்.

இத்துவர்ப்பை அளந்தறிவதையே தொழிலாகக் கொண்டோர் தேயிலைச் சுவைஞர். 1839 ஜனவரி 10-ஆம் நாள் அஸ்ஸாம் தேயிலை 8 பெட்டிகள் இலண்டனில் ஏலம் விடப்பட்டன. 1861 டிசம்பர் 27-இல் கல்கத்தாவிலேயே ஏலம் தொடங்கிற்று. இன்று ஏலம் கணினி வழியே நடைபெறினும், தேயிலையின் தரத்தை மதிப்பிடச் சுவைஞரின் வாயே வேண்டியிருக்கிறது. அவர் பாலும் சர்க்கரையும் இன்றிப் பல கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு கரண்டியையும் ஓசையெழ உறிஞ்சுவார். சாறு அண்ணமெங்கும் தெறிக்க, மணம் அதன் பின்வழியே மூக்கிற்கேறும். பின் உமிழ்ந்துவிடுவார். இத்திறன் பிறவியில் வருவதன்று. பல்லாண்டுப் பயிற்சியால் வருவது.

இங்குத்தான் நமக்கொரு படிப்பினை உண்டு. கைப்பை வெறுப்பது குழந்தைகளின் இயல்பு. பன்முறை சிறிது சிறிதாக ஊட்டினால் பெரும்பாலும் பழகிவிடுவர். நம் காலனியிற் பிறந்த பிள்ளைகள் பலர் சுண்டைக்காய் வற்றலையும் பாகற்காயையும் ஒதுக்குகின்றனர். நாமும், "அவனுக்குப் பிடிக்காது" என்று ஒரு முறையோடு விட்டுவிடுகிறோம்.

அண்ணத்திற்கு மற்றுமொரு பணியுண்டு. எழுத்துகள் பிறக்கும் உறுப்புகள் எட்டனுள் ஒன்றாக அதனைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வைத்தார். நுனிநா மேலெழுந்து அண்ணத்தைத் தடவுங்கால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றார். நம் பிள்ளைகள் 'தமில்' எனக் கூறும்போதும் நாம் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். சுவையும் சொல்லும் ஒரே வாயிற் பழகுவன. இரண்டிற்கும் வேண்டுவது பொறுமையும் பயிற்சியுமே. அப்பயிற்சியைத் தரும் பள்ளி, மாலையில் நாம் பிள்ளைகளோடு கூடியமர்ந்து தமிழ் பேசி உண்ணும் நம் வீட்டுக் கூடமேயன்றி வேறன்று.