நம் பங்கின் ஜீப் வண்டி

குருமனைக்குப் பின்னே தகரக் கொட்டகையில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த ஜீப், யூபிலியையொட்டி மீண்டும் ஓடத் தொடங்கியிருப்பதைப் பங்கு மக்கள் அறிவீர்கள். அதன் வரலாறும் இம்மலரில் இடம்பெறுவது முறையே.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்திற்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் மிஞ்சியவை விற்பனைக்கு வந்தன. மாட்டுவண்டியில் ஒரு பகல் பிடித்த நம் கிளைக் கிராமங்களுக்கு, நோயில்பூசுதல் கொடுக்க நள்ளிரவிலும் குருக்கள் இதில் போய்வந்தனர். நான்கு சக்கரமும் இழுப்பதால் ஓடை மணலிலும் சிக்காது.

நமது வண்டி எந்த நிறுவனத்தினது என்று பெரியவர்களிடையே நெடுநாள் வழக்கு. முன்தட்டில் ஒன்பது பிளவுகள் இருப்பதால் போர்க்கால வண்டியே. பின்வந்த பொதுமக்கள் ஜீப்புகளில் ஏழுதான். துருவைச் சுரண்டியபோது போல்ட்டுத் தலைகளில் ஃபோர்டு பொறிக்கும் 'எஃப்' எழுத்து தெரிந்தது. போல்ட்டை யாரும் மாற்றியிருக்கலாமே என்றனர். சட்டத்தின் முன் குறுக்குத்துண்டு, வில்லிஸில் உள்ளதுபோல் குழாயாக இல்லாமல், கவிழ்த்த 'ப' வடிவில் இருந்தது. வழக்கு தீர்ந்தது.

டீசல் என்ஜின் வைத்தால் செலவு குறையும் என்று பேரவையில் சிலர் கூறினர், நியாயமான பேச்சே. ஆனால் அதற்குச் சட்டத்தை வெட்டவேண்டும் என்றார் மெக்கானிக். பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினையே பிரித்துச் சீராக்கினோம். போல்ட்டுகளும் பழைய இடத்திற்கே திரும்பின. பின்புறம் மங்கியிருக்கும் வெள்ளைச் சிலுவையின்மேல் புது வண்ணம் பூசவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்ரோல் தொட்டி மட்டும் ஓட்டையாகிவிட்டதால் புதிது.