தலை இல்லாத தபால் தலை

இத்தாலிக்குப் படிக்கப் போயிருக்கும் என் அக்கா மகன் போனில், "மாமா, இங்கே ஸ்டாம்புக்கு ஃபிராங்கோபொல்லோன்னு பேரு. ஏன் அப்படி?" என்று கேட்டான். கரமனையில் கடை வைத்துப் பிழைத்தாலும், சொல்லுக்கு வேர் தேடுவது என் பழைய வியாதி. தேடிக் கண்டதை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

இது இரு சொற்களின் கூட்டு. 'ஃபிராங்கோ' என்பது ஃபிராங்க் இனத்தாரின் பெயரில் பிறந்து, 'கட்டற்றவர்' என்றாகி, பிறகு 'கூலி இல்லாதது' என்றாயிற்று. 'பொல்லோ' முத்திரை. அதற்கு மூலமான இலத்தீன் 'புல்லா' முதலில் நீர்க்குமிழி. பின்னர் வட்ட முத்திரை. ஆக, 'கூலி தீர்ந்த முத்திரை' என்பது பொருள்.

யாருக்குத் தீர்ந்தது? வாங்குபவருக்கு. 1840இல் இங்கிலாந்தில் தபால் தலை வருமுன், பெரும்பாலும் கடிதம் பெறுபவரே காசு கொடுத்தார். இத்தாலியப் பகுதிகளில் லொம்பார்டி-வெனிசியா 1850இலும், சார்டினியா 1851இலும் தலை வெளியிட்டன.

இந்தப் பொருளை நான் சிறுவயதிலேயே அறிந்தேன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஆயா போட்ட கடிதத்தில் தலை ஒட்டவில்லை. 'பேரிங்' என்று இரட்டைக் கூலி கேட்டார் தபால்காரர். அன்று அப்பா கையில் காசில்லை. கடிதம் திரும்பிப் போனது. மறு கடிதம் வருமுன் ஆயா போய்ச் சேர்ந்துட்டாங்க. என்ன எழுதியிருந்தாங்களோ!

இனி நம் சொல்லுக்கு வருவோம். இத்தாலியர் கூலியைப் பார்த்துப் பெயர் வைத்தனர். நாம் படத்தைப் பார்த்து வைத்தோம். 1854இல் இந்தியா முழுமைக்கும் வந்த ஸ்டாம்பில் விக்டோரியா ராணியின் தலை இருந்தது. அதனால் 'தபால் தலை'. ஆனால் இந்தத் திருவிதாங்கூரில் 1888இல் வந்த முதல் ஸ்டாம்புகளில் தலையே இல்லை, சங்குதான். 1, 2, 4 சக்கரம் விலை. மன்னர் சித்திரைத் திருநாளின் உருவம் 1931 முடிசூட்டு வெளியீட்டில் வந்தது.

இங்கே தபாலுக்கு அரசுப் பெயரே 'அஞ்சல்'. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடினார். 1951இல் அது இந்தியத் தபாலோடு இணைந்தது. கிரேக்கத்தில் தூதனைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'அஞ்சல்' வந்தது என்பாரும் உண்டு. ஒலி ஒத்திருப்பது மட்டும் சாட்சி ஆகாது. கணக்குப் புத்தகத்தில் அப்படி வரவு வைக்க முடியுமா?

தமிழ்நாட்டில் நல்ல தமிழென்று எழுதும் 'அஞ்சல்', நாம் குடியேறிய இந்த மண்ணிலும் ஆட்சிச் சொல்லாக இருந்தது. இதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா? பழைய டிரங்குப் பெட்டியில் சங்கு முத்திரை உறை கிடந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளே இருக்கும் கடிதத்தையும் வாசித்துக் காட்டுங்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.