செருப்புக்குத் தக்கபடி கால்

சென்ற ஆண்டு ஆம்பூருக்குப் போயிருந்தபோது ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன். கணுக்காலை மூடும் உயரம், தடித்த மாட்டுத்தோல், ஏழு இணைத் துளைகளின் வழியே இழுத்துக் கட்டும் நாடா, வெளியே தெரியும்படி தைத்த கனத்த அடித்தோல். கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்க்கையில் ஒரு கருவியை வாங்குகிற மகிழ்ச்சி இருந்தது. மறுநாள் அதை அணிந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். திரும்பி வரும்போது இரண்டு குதிகால்களிலும் கொப்புளம்.

‘செருப்பு கடித்துவிட்டது’ என்று வீட்டில் சொன்னார்கள். தமிழில் புதுச் செருப்பு அழுத்துவதில்லை, உரசுவதில்லை, கடிக்கிறது. பதனிட்ட பிறகும் தோலுக்குள் அந்த விலங்கின் முரண்டு மிச்சமிருப்பதாக நம் மொழி நினைக்கிறது. ஆகவே அதைப் பழக்க வேண்டும். என் பாட்டி இருந்திருந்தால் விளக்கெண்ணெய் தடவி ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் போடச் சொல்லியிருப்பாள்.

எண்ணெய் தடவினேன். கொப்புளம் ஆறும் வரை, பூட்ஸைப் பழக்குவது பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அதன் வரலாறு உண்மையில் ஒரே கேள்வியின் வரலாறு என்று தோன்றுகிறது: காலுக்கும் தோலுக்கும் இடையே யார் யாருக்கு வளைந்துகொடுப்பது?

*

பழைய விடை, கால்தான் வளைய வேண்டும் என்பது. பெரும்பாணாற்றுப்படை இடையனை வருணிக்கும்போது அவன் அடியில் செருப்பு பதித்த ஆழ்ந்த வடுவைச் சொல்கிறது. அங்கே அது உழைப்பின் அடையாளம், வலிமையின் அடையாளமும்கூட. தொடுதோலை நாளெல்லாம் அணிந்து திரிந்தவனின் கால், தோலுக்கு ஏற்பத் தன்னைக் காய்ப்பேற்றிக்கொண்டது. ‘செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா’ என்று கேட்கும் பழமொழியும் நம்மிடம் உண்டு. பழமொழி கேலி செய்யும் அந்தச் செயலைத்தான் உலகத்தின் பெரும் படைகள் நெடுங்காலம் செய்துவந்தன.

பூட்ஸ் உருவாவது பாத வடிவில் செதுக்கிய ஒரு மரக்கட்டையின் மேல். ஈரத்தோலை அதன்மீது இழுத்து, ஆணியடித்து, காயவிட்டு, அடித்தோலோடு சேர்த்துத் தைப்பார்கள். கட்டையின் வடிவமே காலணியின் வடிவம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் படைகளுக்கான காலணிகள் பெரும்பாலும் நேரான ஒரே கட்டையில் செய்யப்பட்டன. இடக்கால், வலக்கால் என்ற பேதம் அவற்றில் இல்லை. இரண்டும் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, ஒருநாள் இடக்காலில் அணிந்ததை மறுநாள் வலக்காலில் மாற்றி அணிய வேண்டும் என்றும் படைகளில் சொல்லப்பட்டது. இந்த ஏற்பாட்டைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். தோல் மெல்ல ஒரு பாதத்தின் வடிவுக்கு வரத் தொடங்கும் நேரத்தில் அதை அடுத்த காலுக்கு மாற்றிவிட வேண்டும். அதாவது, காலணி எந்தக் காலுக்கும் பழகிவிடாமல் பார்த்துக்கொள்வதே விதி. செலவு மிச்சம். சிப்பாயின் கால் கணக்கில் வரவில்லை.

இதை எதிர்த்து முதலில் எழுதியவர்கள் உடற்கூறு அறிஞர்கள். 1781இல் டச்சு மருத்துவர் பெட்ரஸ் காம்பர் காலணியின் சிறந்த வடிவம் எது என்று ஒரு சிறு நூல் எழுதினார். குதிரை, கழுதை, எருதுகளின் கால்களைப் பற்றி இத்தனை அக்கறை காட்டும் மனிதர்கள் தங்கள் கால்களை முற்றாக மறந்துவிட்டார்களே என்பது அவருடைய ஆதங்கம். 1858இல் சூரிச் நகரப் பேராசிரியர் ஹெர்மன் மேயர் இன்னும் திட்டவட்டமாகச் சொன்னார். பெருவிரலின் நடுக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது குதிகாலின் நடுவில் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேர்வதுதான் இயல்பான பாதம். கூர்மூக்குக் காலணிகள் பெருவிரலை உள்நோக்கித் தள்ளி அந்தக் கோட்டை முறிக்கின்றன. அந்த நூல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு வைத்த தலைப்பைத் தமிழில் ‘செருப்பு ஏன் கடிக்கிறது’ என்று சொல்லிவிடலாம்.

*

அறிஞர்கள் எழுதியது ஆணையாக மாற மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1908இல் அமெரிக்க ராணுவம் காலணிகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. தலைவர் எட்வர்ட் லைமன் மன்சன் என்ற ராணுவ மருத்துவர். நான்காண்டுகள் நடந்த அந்த ஆய்வில் ஏறத்தாழ 2,000 சிப்பாய்களின் கால்கள் பரிசோதிக்கப்பட்டன. 1912இல் மன்சன் அதை நூலாகவும் வெளியிட்டார். விரல்களுக்குத் தாராளமாக இடம்விட்டு, பெருவிரல் பக்கம் ஏறக்குறைய நேராகச் செல்லும் ஒரு கட்டையை அந்தக் குழு வடிவமைத்தது. மன்சன் கட்டை என்ற பெயரில் அது பல பத்தாண்டுகள் அமெரிக்கப் படையின் காலணிகளுக்கு அச்சாக இருந்தது. கனத்த பூட்ஸ் மீது பிரியம் கொண்டவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சற்றே பணிவுடன்தான் உச்சரிக்கிறார்கள்.

ஆனால் என்னைக் கவர்ந்தது கட்டை அல்ல, அதே 1912இல் வெளியான ராணுவ ஆணை. பூட்ஸை எப்படித் தேர்வதென்றும் எப்படிப் பழக்குவதென்றும் அது சொல்கிறது. அளவெடுக்கும்போது சிப்பாய் முதுகில் 40 பவுண்டு சுமையோடு, முழு எடையையும் அளவெடுக்கும் காலின் மேல் வைத்து நிற்க வேண்டும். ஏனெனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கால் வேறு, மூட்டை சுமக்கும் கால் வேறு. சுமை ஏறும்போது பாதம் நீள்கிறது, அகல்கிறது. புதிய பூட்ஸை அணிந்துகொண்டு இரண்டரை அங்குலம் தண்ணீரில் ஏறத்தாழ 5 நிமிடம், தோல் நன்றாக நனைந்து இளகும்வரை நிற்க வேண்டும். பிறகு சமதரையில் ஒரு மணி நேரம் நடந்து, அதைக் காலிலேயே காயவிட வேண்டும். கழற்றியதும், மாட்டுக் கால்களைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை மிகச் சிறிதளவு தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் விறைத்து வெடிக்கும்.

இதன் பின்னுள்ள அறிவு எளிமையானது. தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். ஈரம் அந்த நார்களை ஒன்றன்மீது ஒன்று நழுவ விடுகிறது. காயும்போது அவை எந்த இடத்தில் இருக்கின்றனவோ அங்கேயே நின்றுவிடுகின்றன. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலுக்கு இந்தக் குணம் அதிகம். குரோம் உப்பில் பதனிட்டது மென்மையானது, ஆனால் பெரும்பாலும் பழைய வடிவுக்கே மீள்வது. தொழிற்சாலையில் மரக்கட்டையின் மேல் நடந்ததே இப்போது காலின் மேல் மறுபடி நடக்கிறது. சிப்பாயின் பாதமே கட்டையாகிவிடுகிறது. அவனுடைய எலும்புப் புடைப்பு, அவனுடைய கோணல் விரல் எல்லாவற்றையும் தோல் ஏற்றுக்கொள்கிறது. அடித்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையே நிரப்பும் தக்கைத்தூளும் நாளடைவில் பாதத்தின் அச்சாக அமிழ்கிறது. பழகிய பூட்ஸை இன்னொருவர் அணிய முடியாமற் போவது இதனால்தான்.

ஆணையில் இன்னொரு வரி உண்டு. ஒரு படைப்பிரிவில் காலணியால் ஏற்படும் புண்கள் அளவுக்கு மீறினால், அது பொறுப்பிலிருக்கும் அதிகாரிகளின் திறமையின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டு விசாரிக்கப்படும் என்பது அதன் சாரம். படை வரலாற்றில் இதை ஒரு சிறிய புரட்சி என்றே சொல்வேன். கால் புண்ணானால் அதுவரை குற்றம் காலுடையது. நடக்கத் தெரியாதவன், நோஞ்சான், சோம்பேறி. இனி குற்றம், அந்தக் காலைப் பார்க்காமல் பூட்ஸ் கொடுத்தவனுடையது.

ஆணை நல்லது, ஆனால் போர் அதற்குக் காத்திருக்கவில்லை. சமாதான காலத்துச் சமதரைக்காகச் செய்த அந்தப் பழுப்பு பூட்ஸ் 1917இல் பிரான்ஸின் சேற்றில் நிற்கவில்லை. அடித்தோல் தடித்ததும் ஆணியடித்ததுமான பூட்ஸைத் தளபதி பெர்ஷிங்கின் படை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் படையோ முதற்குளிர்காலமான 1914-15லேயே அதை அறிந்துவிட்டது. நாட்கணக்கில் நனைந்த பூட்ஸுக்குள் கட்டுண்ட கால்கள் மரத்து, வீங்கி, அழுகின. பதுங்குகுழிப் பாதம் என்று அந்த நோய்க்குப் பெயர் வந்தது. காலுறை மாற்றுவதும் திமிங்கில எண்ணெய் தேய்ப்பதும் நாளும் நடத்தப்படும் கடமைகளாயின. இளநிலை அதிகாரிகள் முழந்தாளிட்டுச் சிப்பாய்களின் கால்களைப் பார்வையிட்டார்கள்.

*

இந்தக் கதையில் நம் ஊர் எங்கே வருகிறது? பூட்ஸின் மேல்தோலாக வருகிறது.

பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ், அடியில் ஆணிகளும் குதிகாலில் லாடம் போன்ற இரும்பும் கொண்டது. அதன் மேற்பகுதிக்கு இந்திய மாடுகளின் சிறிய, இறுக்கமான தோல் உகந்தது. அதைக் ‘கிப்’ என்பது வணிகப் பெயர். சென்னை மாகாணத்துத் தோல் ஷாப்புகள் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து, எண்ணெயிட்டுக் கப்பலேற்றிய அரைப்பதத் தோல், லண்டன் சந்தையில் நெடுங்காலமாக அறிமுகமானது. முதல் உலகப்போரின்போது அரசே இந்தத் தோல் வணிகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, படை பூட்ஸுக்காக வாங்கி அனுப்பியது. பாலாற்றங்கரையிலும் திண்டுக்கல், திருச்சியிலும் தொட்டிகளில் ஊறிய தோல் நார்தாம்ப்டன் பட்டறைகளில் பூட்ஸாகி பிளாண்டர்ஸ் சேற்றில் நடந்தது. நம் வேலியோரத்தில் மஞ்சளாய்ப் பூத்துக்கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டை அந்தத் தோலுக்குள் இருந்தது.

அந்தச் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி, மயிர் களைந்து, சதை சுரண்டியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் கால்களில் என்ன இருந்தது?

ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தம் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் தாழ்த்தப்பட்டோர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். அவற்றில் ஒன்று, ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்பது. மீறியபோது குடிசைகள் எரிந்தன. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் வழக்கம் அந்த ஆண்டோடும் அந்த மாவட்டத்தோடும் முடிந்துவிடவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தோலை உரித்தவன், பதனிட்டவன், தைத்தவன், தொட்டதால் தீட்டானவன் அவன்தான். அணியத் தடையுற்றவனும் அவனே.

அதே சாதிகளிலிருந்துதான் சென்னையின் சேப்பர்ஸ், பயனியர்ஸ் படைகளுக்குப் பெருமளவில் ஆட்கள் சேர்ந்தார்கள். பாலம் கட்டவும் பாதை வெட்டவும் மெசபடோமியா வரை போனார்கள். அங்கே சர்க்காரே அவர்கள் காலுக்கு பூட்ஸ் கொடுத்தது. இறுக்கிக் கட்டிய நாடாவோடு, இரும்பு ஒலிக்க நடப்பது அங்கே கட்டளை. விடுப்பில் திரும்பியவன் தன் ஊரின் தெருமுனையில் என்ன செய்திருப்பான்? குனிந்து நாடாவை அவிழ்த்திருப்பானா? செருப்பை உதறிவிடலாம், பூட்ஸை அப்படிக் கழற்ற முடியாது. கண் கண்ணாக நாடாவைத் தளர்த்த வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை எந்தப் படைப்பிரிவின் வரலாறும் எழுதப்போவதில்லை. யாராவது ஒரு சிறுகதையாக எழுதலாம்.

தமிழில் பூட்ஸ் என்ற சொல்லுக்கு அதிகாரத்தின் ஒலி ஏறியிருக்கிறது. ‘பூட்ஸ் காலால் மிதித்தான்’ என்றால் யார் மிதித்தது, யார் மிதிபட்டது என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே பொருள், கால் எல்லோருக்கும் பொது என்று ஒப்புக்கொண்ட ஓர் ஆணையின் நினைவையும் சுமந்திருக்கிறது. காலைத் தறிக்காதே, தோலை நனை என்று அது சொன்னது. நம் தெருக்களில் அந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லாமல் போயிற்று. கால் வளைவதா தோல் வளைவதா என்று கேட்கும் முன் காலில் தோல் இருக்க வேண்டுமே.

*

நான் தண்ணீரில் நிற்கவில்லை. விலை கொடுத்து வாங்கியதை நனைக்கத் துணிவு வரவில்லை. இரண்டு காலுறைகள் போட்டு, நாளுக்கு ஒரு மணி நேரம், ஏறத்தாழ ஆறு வாரம் நடந்தேன். நாடாவைக் கணுக்காலில் இறுக்கியும் விரல்பக்கம் தளர்த்தியும் கட்டினால் குதிகால் உரசல் குறைகிறது என்று மெல்லப் புரிந்தது. ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தபோதுதான், காலையிலிருந்து பூட்ஸை நினைக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கழற்றி உள்ளே பார்த்தேன். உள்தோலில் ஐந்து விரல்களின் பள்ளமும் குதிகாலின் வட்டமும் கருமையாகப் பதிந்திருந்தன. பெரும்பாணாற்றுப்படையின் இடையனுக்குத் தோலின் வடு காலில் இருந்தது. எனக்குக் காலின் வடு தோலில். இந்த இடமாற்றத்துக்கு மனிதர்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள், யாரையெல்லாம் வரிசைக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள் என்று எண்ணியபடி எண்ணெய்த் துணியைத் தேடி எடுத்தேன்.