காணி உறுதி கேட்காத பணம்: வாணி கோலாவின் பாதை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டிலிருந்தே மென்பொருள் நிறுவனம் நடத்தும் சில பெண்களை எனக்குத் தெரியும். தொழிலைப் பெருப்பிக்க வங்கிக்குப் போனால் முதற்கேள்வி பிணை பற்றியதுதான். இவர்களிடம் காணி உறுதி இல்லை. ஒரு செயலியும் சில வாடிக்கையாளர்களும் மட்டுமே இருக்கின்றனர்.

துணிகர முதலீடு இங்கேதான் வேறுபடுகிறது. அது பிணை கேட்பதில்லை, நிறுவனத்தில் பங்கு கேட்கிறது. நிறுவனம் தோற்றால் முதலீட்டாளரின் பணமும் போய்விடும்.

அமெரிக்காவில் மென்பொருளுக்கு மட்டுமே முதலிடும் நிதியத்தை 1989 இல் ஜோன் ஹம்மருடன் இணைந்து தொடங்கியவர் ஆன் வின்பிளாட். தெற்காசியாவில் இத்துறையின் முன்னோடிப் பெண்களில் ஒருவர் வாணி கோலா.

ஐதராபாத்தில் பிறந்த இவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1996 இல் கம்பனிகளின் கொள்வனவை இணையவழியில் நடத்த உதவும் ரைட்வேர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2000 இல் அதன் பெரும்பான்மைப் பங்கை இன்டர்நெட் கெப்பிட்டல் குரூப் சுமார் 657 மில்லியன் டொலருக்கு வாங்கியது. முதலீட்டாளராகும் முன்னரே, முதலீடு கேட்பவரின் கதிரையில் அவர் இருந்திருக்கிறார்.

2006 இல் இந்தியா திரும்பி, பென்டியம் சிப்பின் உருவாக்கத்தில் பெயர்பெற்ற வினோத் தாம் உள்ளிட்டோருடன் இன்டோ யுஎஸ் வென்ச்சர் பார்ட்னர்ஸைத் தொடங்கினார். அதுவே பின்னர் களாரி கெப்பிட்டல் ஆனது. களரிப்பயிற்றிலிருந்து வந்த பெயர் அது.

வெற்றியும் சறுக்கலும் கலந்த கணக்கு இவருடையது. களாரி முதலிட்ட மிந்த்ராவை 2014 இல் பிளிப்கார்ட் வாங்கியது. ஸ்னாப்டீல் சரிவு கண்டு, பிளிப்கார்ட்டுடன் இணையும் முயற்சியும் 2017 இல் முறிந்தது. அர்பன் லேடர் 2020 இல் சுமார் 182 கோடி இந்திய ரூபாவுக்கு ரிலையன்ஸிடம் போனது.

2021 இல் பெண்கள் நிறுவிய நிறுவனங்களுக்கெனத் தனித் திட்டமொன்றைக் களாரி அறிவித்தது. முடிவெடுக்கும் இடத்தில் ஒரு பெண் அமர்ந்து பதினைந்து வருடங்களாகியும் இப்படியொரு தனிவாசல் தேவைப்பட்டிருக்கிறது. ஒருவரின் உயர்வு மட்டும் கதவுகளைத் திறந்துவிடாது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

கொழும்பில் இத்தகைய பணத்தைத் தேடும் பெண்களுக்கு ஒன்று சொல்லலாம். இது வட்டியில்லாக் கடன் அல்ல. எத்தனை சதவீதப் பங்கு போகிறது, வாக்குரிமை யாரிடம், விற்கும் முடிவு யார் கையில் என்பவற்றை ஒரு சட்டத்தரணியுடன் வாசித்த பின்னரே கையெழுத்திடுங்கள்.