சிற்றொளியின் வரலாறு

ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரிய உண்மைகள் சில, மிகச் சிறிய ஒளியாகவே முதலில் தலைகாட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு சிற்றொளிகளின் வரலாற்றை இன்று மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன். ஒன்று, 1928ஆம் ஆண்டு கல்கத்தாவில் கண்டது. மற்றொன்று, 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டது. முன்னது திரவத்தில் கலந்த அழுக்கின் விளைவு என்று சில காலம் கருதப்பட்டது. பின்னது அச்சிடும்போது தூசி என்று நீக்கப்பட்டது. இவ்விரண்டும் பின்னாளில் ஒன்றாகக் கூடி, இன்று மருத்துவருக்குக் கண்ணாக விளங்குகின்றன.

இவ்வரலாற்றுக்கும் எங்கள் மதுரைக்கும் தொடர்பு உண்டு. நான் வாழ்வது பழங்காநத்தத்தில். அதனை அடுத்துள்ள பசுமலையில்தான் 1881ஆம் ஆண்டு அமெரிக்கன் கல்லூரி தோன்றிற்று. பின்னர் அது வைகையின் வடகரைக்கு இடம்பெயர்ந்தது. பழங்காநத்தத்திலிருந்து தெற்கே திருமங்கலம் சென்று, அதற்கப்பாலும் நெடுந்தொலைவு சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் வத்திராயிருப்பு என்னும் ஊர் வரும். அவ்வூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்து, அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். இராமன் விளைவைப் பாடநூலில் படிக்கும் மாணவர் அனைவரும் சர் சி. வி. இராமனை அறிவர். அவ்விளைவை உலகுக்கு அறிவித்த முதற் கடிதத்தில் அவருடன் கையொப்பமிட்டவர் யார் என்று கேட்டால், கிருஷ்ணன் பயின்ற இந்நகரிலும் விடை கூறுவோர் சிலரே. அதனை நான் பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன் 1921ஆம் ஆண்டு ஐரோப்பா சென்று கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கடலின் நீலம் வானத்தின் நீலத்தினது பிரதிபிம்பமே என்று பேரறிஞர் ராலே கூறியிருந்தார். இராமன் தம்மிடம் இருந்த சிறிய பட்டகம் ஒன்றின் உதவியால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பது புலனாயிற்று. கல்கத்தாவுக்குத் திரும்பியதும், பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், திரவங்களில் ஒளி சிதறும் முறையை ஆராயத் தொடங்கினார். அக்கழகம் 1876ஆம் ஆண்டு மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவரால் நிறுவப்பெற்றது.

1923ஆம் ஆண்டு, இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன் தூய நீரினூடே சூரிய ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தார். உட்சென்ற நிறத்திலேயே ஒளி சிதறவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால், வேறொரு நிறத்தில் மிக மங்கிய ஒளியும் உடன் வெளிவந்தது. நீரில் ஏதோ அழுக்கு இருக்கலாம், அவ்வழுக்கே ஒளிர்கிறது என்று முதலில் கொள்ளப்பட்டது. இராமநாதன் நீரைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தார். அழுக்கின் விளைவாயின், தூய்மை மிகுந்தோறும் அவ்வொளி குறையவேண்டும். அது குறையவில்லை. ஏன் குறையவில்லை என்னும் வினா ஐந்து ஆண்டுகள் விடையின்றி நின்றது.

1928ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், கோட்பாட்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கிருஷ்ணனை இராமன் மீண்டும் சோதனைச் சாலைக்கு அழைத்து, இவ்வினாவை அவரிடம் ஒப்படைத்தார். கருவிகள் மிக எளியவை. தொலைநோக்கியின் பெரிய வில்லை ஒன்று சூரிய ஒளியைக் குவித்தது. நீலமும் ஊதாவும் மட்டுமே செல்லவிடும் வடிகண்ணாடி ஒன்று திரவத்திற்கு முன்னே வைக்கப்பட்டது. அந்நிறங்களைத் தடுத்து மஞ்சளும் பச்சையும் மட்டுமே செல்லவிடும் மற்றொன்று, பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னே வைக்கப்பட்டது. நிறம் மாறாமல் ஒளி சிதறுமாயின், கண்ணுக்கு ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் ஒளி தெரிந்தது. ஒரு திரவத்தில் அன்று, ஏறத்தாழ அறுபது திரவங்களில் தெரிந்தது. அவ்வொளி முனைவாக்கம் பெற்றிருப்பதையும் கிருஷ்ணன் கண்டார். அதாவது, அதன் அதிர்வுகள் பெரிதும் ஒரு திசையிலேயே அமைந்திருந்தன. சாதாரண ஒளிர்வில் இவ்வியல்பு இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. ஆகவே, இது அழுக்கின் ஒளிர்வு அன்று, புதியதொரு சிதறல் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைக் கருவி வழியே நோக்கியபோது, உட்சென்ற ஒளியினின்று இடைவெளி விட்டுத் தனியே நிற்கும் புதிய ஒளியை இராமன் கண்டார்.

இராமனும் கிருஷ்ணனும் எழுதிய கடிதம் அவ்வாண்டு மார்ச்சு 31ஆம் நாள் நேச்சர் இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே நாட்களில், மாஸ்கோவில் லாண்ட்ஸ்பர்கும் மாண்டல்ஸ்டாமும் படிகங்களில் இதே விளைவைக் கண்டனர். 1930ஆம் ஆண்டு நோபெல் பரிசு இராமனுக்கு வழங்கப்பெற்றது. பரிசு ஒருவருக்கு உரியதாயிற்று. ஆனால் வினா இராமநாதனுடையது, விடைக்கு வழி கண்ட கைகளுள் கிருஷ்ணனுடைய கைகளும் உண்டு என்பதை வரலாறு படிப்போர் மறத்தல் தகாது.

இவ்விளைவின் உட்பொருளைச் சுருங்கச் சொல்கிறேன். மூலக்கூறில் அணுக்கள் அசைவற்று நிற்பதில்லை. அவை இடையறாது அதிர்ந்துகொண்டிருக்கின்றன. உட்புகும் ஒளி, தன் ஆற்றலில் ஒரு பகுதியை அவ்வதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, அந்த அளவுக்கு நிறம் மாறி வெளிவருகிறது. சிலபோது அதிர்விலிருந்து ஆற்றலைப் பெற்றுக்கொண்டும் வெளிவரும். எவ்வளவு மாறிற்று என்று அளந்தால், உள்ளே இருக்கும் மூலக்கூறு எது என்று சொல்லிவிடலாம். எனினும், சிதறும் ஒளித்துகள்களில் மிக மிகச் சிறிய பகுதியே இவ்வாறு நிறம் மாறுகிறது. எனவேதான் அது மங்கலாக இருந்தது. இக்குறை நீங்க, மிக வலிமை வாய்ந்த ஒளி தேவைப்பட்டது.

அவ்வொளி 1960ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தது. அமெரிக்காவில் தியோடர் மைமன், செந்நிற மாணிக்கப் படிகத்தைக்கொண்டு முதல் லேசரை இயக்கினார். அடுத்த ஆண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கனும் அவர் தோழர் மூவரும் அத்தகைய லேசரின் செவ்வொளியைக் குவார்ட்சுப் படிகத்தில் குவித்தனர். அதன் அலைநீளம் 694.3 நானோமீட்டர். வெளியே வந்த ஒளியில், அதில் சரிபாதியான 347.2 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரும் இருந்தது. உட்சென்ற ஒளியில் ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒரு பங்கே அவ்வாறு மாறியது. புகைப்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாகப் பதிந்தது. கட்டுரை ஆகஸ்டு மாதம் அச்சேறியபோது, படத்தில் அம்புக்குறி மட்டுமே இருந்தது. அம்பு காட்டிய இடத்தில் புள்ளி இல்லை! தகட்டில் படிந்த தூசி என்று எண்ணி, அச்சுக்கு முன் யாரோ அதனை நீக்கிவிட்டனர் என்று அறிஞர் இன்றும் சொல்லி நகைப்பர்.

அப்புள்ளியே நேரிலா ஒளியியல் என்னும் துறைக்கு விதையாயிற்று. அச்சொல்லின் பொருள் யாது? சாதாரண ஒளி ஒரு பொருளின்மீது படும்போது, அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் தாளத்துக்கேற்ப அசைகின்றன. ஒளியின் அலை வீச்சு இருமடங்கானால் அசைவும் இருமடங்காகும். இது நேர்விகிதம். ஒளி மிக வலிதாகும்போது இவ்விகிதம் நிலைகுலைகிறது. நம் கோயில்களில் நாகஸ்வரம் கேட்டிருப்பீர்கள். விரலமைப்பு மாறாமலே, கலைஞர் மூச்சை அழுத்தி ஊதும்போது மேல் ஸ்தாயி ஒலிக்கிறது. மெல்ல ஊதும்போது பேசாத சுரம், வலிய ஊதும்போது பேசுகிறது. இரண்டின் இயக்கமும் முற்றும் ஒன்றல்ல. எனினும் கருத்தை விளக்க இவ்வுவமை போதும். வலிய ஒளி தாக்கும்போது, படிகமும் தன்னுள் வந்த தாளத்திற்கு மேல் ஸ்தாயியில் விடை கூறுகிறது. எல்லாப் பொருளும் இவ்வாறு கூறுவதில்லை. உள்ளமைப்பு முன்னும் பின்னும் ஒரே சீராக இருக்கும் உப்புப் படிகமும், ஒழுங்கற்ற அமைப்புடைய கண்ணாடியும் இதற்கு உதவா. சமச்சீர் மையம் இல்லாத குவார்ட்சு போன்ற படிகங்களே உதவும். படிகத்தின் தன்மை திசைக்குத் திசை வேறுபடும் என்பதைக் காந்தவியலில் நுட்பமாக ஆராய்ந்து புகழ்பெற்றவர் நம் கிருஷ்ணன். தில்லியில் தேசிய பௌதிகச் சோதனைச் சாலையின் முதல் இயக்குநராக விளங்கிய அவர், 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார். பிராங்கனின் கட்டுரை வெளிவந்தது அதற்கு இரண்டு திங்கள் கழித்து.

1962ஆம் ஆண்டு இரண்டு வரலாறுகளும் ஒன்றையொன்று சந்தித்தன. ஊட்பரியும் இங்கும் மாணிக்க லேசர் ஒன்றை ஆராய்ந்தபோது, எதிர்பாராத அகச்சிவப்பு ஒளி ஒன்று அதிலிருந்து பாய்வதைக் கண்டனர். லேசரின் உள்ளே வைத்திருந்த நைட்ரோபென்சீன் என்னும் திரவமே அதற்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. அது இராமன் விளைவுதான். ஆனால் மங்கிய ஒளியாக அன்று, தூண்டப்பட்டு வலிமையுடன் பாயும் கற்றையாக வந்தது. 1928இல் கண்ணை இருட்டில் பழக்கிக்கொண்டு தேடிய ஒளி, இப்போது தானே முன்வந்து நின்றது.

இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மூளையில் கட்டி வந்த ஒருவருக்கு அறுவை நடக்கிறது. கட்டி எங்கே முடிகிறது, நல்ல தசை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. குறைவாக வெட்டினால் நோய் மீளும். மிகுதியாக வெட்டினால் பேச்சோ நடையோ போய்விடும். சிறு துண்டை எடுத்து உறையவைத்துச் சாயமேற்றிப் பார்ப்பதற்கு, இருபது முப்பது நிமிடம் அறுவை காத்திருக்கவேண்டும். தூண்டிய இராமன் சிதறலைப் பயன்படுத்தும் நுண்ணோக்கி 2008ஆம் ஆண்டு ஹார்வர்டில் உருவாயிற்று. அது சாயமின்றியே, கொழுப்பின் அதிர்வையும் புரதத்தின் அதிர்வையும் வேறு பிரித்துப் படமாக்குகிறது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், 278 நோயாளிகளின் தசைகளை இம்முறையில் படமெடுத்துக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்தனர். முடிவு இரண்டரை நிமிடத்திற்குள் கிடைத்தது. அதன் துல்லியம் தேர்ந்த நோய்க்குறி வல்லுநரின் துல்லியத்திற்கு ஏறத்தாழ ஒப்பாக இருந்தது. அழுக்கு என்று கருதப்பட்ட அவ்வொளி, இன்று அறுவைக் கத்திக்கு எல்லை காட்டுகிறது.

இத்துறையில் இளைஞர்க்கு மற்றொரு பாடமும் உண்டு. ஒரு மூலக்கூறு இரண்டு ஒளித்துகள்களை ஒருங்கே விழுங்கக்கூடும் என்று மரியா கோப்பர்ட் மேயர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி 1931ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் கணக்கிட்டுக் காட்டினார். அதனைச் சோதனையில் காண்பதற்கு 1961 வரை காத்திருக்க நேர்ந்தது. உயிருள்ள தசையின் ஆழத்தைக் காட்டும் நுண்ணோக்கியாக அது உருவெடுத்தது 1990இல்.

இப்பணி நம் நாட்டிலும் நடைபெறுகிறது. நேரிலா ஒளியியலுக்கு ஏற்ற படிகங்களை வளர்ப்பதில் தமிழ்நாட்டு ஆய்வாளர் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளனர். கரைசலிலிருந்து ஒரே திசையில் படிகம் வளர்க்கும் முறை ஒன்று, அதனை 2005ஆம் ஆண்டு வெளியிட்ட சங்கரநாராயணன், இராமசாமி ஆகிய இருவரின் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. நேரான கண்ணாடிக் குழாய், அடியில் ஒரு விதைப் படிகம், மேலே செறிந்த கரைசல், இரு நிலை வெப்பம், நீண்ட நாள் பொறுமை ஆகியவையே அதற்கு வேண்டுவன. கடைவீதியில் விற்கும் பச்சை லேசர் விளக்கை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பலவற்றில், கண்ணுக்குப் புலப்படாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுவது இத்தகைய படிகம் ஒன்றே. அதன் ஒளியைக் கண்ணில் மட்டும் படவிடாதீர்கள்.

மாணவ நண்பர்களே! உங்கள் சோதனைச் சாலையில் அளவு எடுக்கும்போது, ஒன்றிரண்டு புள்ளிகள் கோட்டில் சேராமல் விலகி நிற்கும். மதிப்பெண் கருதி அவற்றை அழித்துவிடும் வழக்கம் உண்டு. விலகிய புள்ளிகளில் பெரும்பாலானவை பிழைகளே, அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பிழை எது, உண்மை எது என்பதை அழிப்பானால் அறிய இயலாது. இராமநாதன் செய்தது போல் மீண்டும் தூய்மை செய்து பாருங்கள். கிருஷ்ணன் செய்தது போல் திரவத்தை மாற்றி, திசையை மாற்றிச் சோதியுங்கள். அப்போதும் அது மறையாவிட்டால், குறிப்பேட்டில் அதனை உள்ளபடி எழுதி, நாளிட்டு, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.